மடித்து அடுக்குகிற வேலை

என் அப்பா நாற்காலி வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். இரும்புச் சட்டமும் தகட்டு இருக்கையும் கொண்ட மடக்கு நாற்காலிகள். கல்யாணம், கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட விழா, சாவு என்று எதுவானாலும் அவருக்குத்தான் போன் வரும். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நாற்காலிக்காரர், அவ்வளவுதான். அவருடைய தம்பி, என் சித்தப்பா, வேறு மாதிரி சொல்வார். "ஊர்ல ஒவ்வொருத்தனும் ஒரு நாற்காலிக்கு அடிச்சுக்கிறான். எங்க அண்ணனைப் பாருங்க, அறுநூறு வச்சுக்கிட்டு ஒண்ணுலயும் உக்கார நேரமில்ல." புதிதாக யார் வந்தாலும் இதைச் சொல்வார். அப்பா ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரிப்பார்.

நான் லிஃப்டுகளைப் பரிசோதிக்கும் பொறியாளர். எங்காவது ஒரு லிஃப்ட் அறுந்து விழுந்தாலோ, நடுவில் நின்று ஆள் மாட்டிக்கொண்டாலோ, என்ன நடந்தது, எதனால் நடந்தது என்று பார்த்து எழுதுவது என் வேலை. அப்பாவைப் பற்றி அந்த மாதிரி எழுத முடியுமா என்று சில நாள் முயன்றேன். முடியவில்லை. அதனால் நடந்ததை மட்டும் நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட முற்றம். முற்றத்தின் கடைசியில் தகரக் கொட்டகை. ஜன்னல் கிடையாது. ஒரே ஷட்டர். நாற்காலிகள் அங்கேதான் இருக்கும், மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக, சுவரோடு சுவராக. ஒவ்வொன்றின் அடியிலும் பச்சைப் பெயிண்டில் ஒரு புள்ளி. எங்கே போனாலும் அப்பா உட்காருவதற்கு முன்பு நாற்காலியைக் கவிழ்த்து அந்தப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார். பேங்கில், பல் டாக்டரிடம், அக்காவின் மாமியார் வீட்டில். "எங்க வீட்டுக்கு முதல் தடவை வந்த அன்னைக்கே எங்க அப்பா உக்காந்திருந்த நாற்காலியைக் குனிஞ்சு பார்த்த மனுஷன். அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும்" என்பாள் அம்மா.

அவருக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, நாற்காலி வெளியில் நனையக் கூடாது. நனைந்தால் கீலில் துரு ஏறும். துரு ஏறிய கீல் மடிக்கும்போது விரலைக் கடிக்கும். அவருடைய இடது ஆள்காட்டி விரலின் நுனி அப்படித்தான் போனது. இரண்டாவது, வண்டியில் திரும்பி வந்த நாற்காலிகளை வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து அடுக்க வேண்டும். வந்திருக்கும் விருந்தாளியும் சேர்த்துத்தான். முற்றத்திலிருந்து கொட்டகை வரை வரிசையாக நின்று கைமாற்றி உள்ளே அனுப்புவோம்.

எங்கள் குடும்பத்தில் பேசவேண்டியதெல்லாம் அந்த வரிசையில்தான் பேசப்பட்டது. சாப்பாட்டு மேசையில் யாரும் வாய் திறக்க மாட்டோம், திறந்தால் சண்டை. கையில் ஒரு நாற்காலி வந்துவிட்டால் வாய் தானாகத் திறந்துவிடும். அக்கா தான் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று சொன்னது அங்கேதான். அம்மாவுக்கும் அத்தைக்கும் வருடக்கணக்காக இருந்த மனக்கசப்பு ஒரு கல்யாணச் சீசனில் அங்கேதான் கரைந்தது. அப்பா சொல்வார்: "உக்காந்து பேசினா எல்லாம் தீரும்னு சொல்றாங்க. என் அனுபவத்துல உக்காந்தா சண்டைதான். எழுந்து மடிக்கும்போதுதான் தீரும்."

பிறகு ஊர் முழுக்க நோய் வந்தது. கல்யாணம் நின்றது, கூட்டம் நின்றது. அறுநூறு நாற்காலியும் கொட்டகைக்குள் மடிந்தபடியே இருந்தன. அப்பா காலையில் ஷட்டரைத் தூக்குவார், பார்ப்பார், இறக்குவார்.

அந்த முதல் வருடத்தின் நடுவில் அத்தையின் கணவர் இறந்தார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மாமாவுக்கு வந்தது அந்த நோய் இல்லை, நெஞ்சுவலி. ஆனாலும் யாரும் போக முடியவில்லை. தெருக்களை அடைத்திருந்தார்கள். அத்தை நகரத்தின் மறுகோடியில் ஒரு அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில் இருந்தாள். பிள்ளைகள் இல்லை. அவளுக்கு முன்பே காது மந்தம், எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்வாள். எல்லாரும் மாஸ்க் போட்ட பிறகு அதுவும் போயிற்று. "ஊரே வாயை மூடிக்கிச்சு, எனக்குக் காது போச்சு" என்று போனில் சொன்னாள். அவள் பேசுவாள். நாம் பதில் சொன்னால் பாதி எட்டாது.

ஒவ்வொரு ஆண்டு முடிவு விடுமுறைக்கும் குடும்பம் முழுக்க எங்கள் வீட்டில் கூடும். அந்த வருடம் போனில் கூடினோம். திரையில் ஐந்து கட்டங்கள். ஒன்றில் நான், நான் வேலை பார்த்த ஊரிலிருந்து. ஒன்றில் அக்காவும் அத்தானும். ஒன்றில் சித்தப்பாவின் மூக்கு. ஒன்றில் அப்பாவும் அம்மாவும். அத்தையின் கட்டத்தில் கூரையும் ஒரு மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. போனை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்கு யாராலும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. நாங்கள் பேசி முடிக்கும்வரை அந்த விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

மற்றவர்கள் போனபிறகு அப்பா என்னிடம் சொன்னார்: "அடுத்த வருஷம் எங்க அக்கா நம்ம நாற்காலியில உக்காந்திருக்கணும். இந்த விசிறியை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது."

அவர் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. அந்த ஒரு ஆளைத்தான் கேட்டார்.

அடுத்த வருடமும் நோய் போகவில்லை. தடுப்பூசி வருகிறது வருகிறது என்று செய்தியில் சொன்னார்கள், எங்கள் முறை வரவில்லை. விடுமுறைக்கு வெகுமுன்பே அப்பா எனக்குப் போன் செய்தார்.

"இன்ஜினியரம்மா, ஒரு சந்தேகம். ஒரு மனுஷன் மூச்சு எவ்வளவு தூரம் போகும்?"

"அது எங்கேங்கறதைப் பொறுத்ததுப்பா. உள்ளேயா வெளியிலயா?"

"வெளியில. முற்றத்துல."

"அப்ப பரவாயில்ல. ரெண்டு மீட்டர் தள்ளி உக்காருங்க. சாப்பிடும்போது மட்டும்தான் மாஸ்க் எடுக்கணும். ரொம்ப நேரம் இருக்காதீங்க."

"மீட்டரெல்லாம் எனக்கு வேணாம். மடிச்ச நாற்காலி எத்தனை நீளம்னு சொல்லு."

கணக்குப் போட்டு, இரண்டு நாற்காலிக்குக் கொஞ்சம் கூட என்றேன். "மூணா வச்சுக்கிறேன். நம்ம ஆளுங்க சாய்ஞ்சு சாய்ஞ்சு பேசுவாங்க" என்றார்.

அதன்பிறகு வாரத்துக்குச் சில தடவை போன் வந்தது. யார் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம். சாப்பாடு அவரவர் வீட்டிலிருந்து அவரவருக்கு, பாத்திரம் கைமாறக் கூடாது. வீட்டுக்குள் யாரும் வரக் கூடாது, முற்றத்துக்குப் பக்கவாட்டுச் சந்து வழியாகவே வரவேண்டும். பின்னால் அம்மாவின் குரல் கேட்கும்: "என் கல்யாணத்துக்குக்கூட இந்த மனுஷன் இவ்வளவு யோசிக்கல." அப்பா: "அதுக்கு யோசிச்சிருந்தா நடந்திருக்காது."

அத்தைதான் மிச்சம். போனில் சொன்னால் அவளுக்கு எட்டாது, எட்டினாலும் எட்டாததுபோல இருப்பாள். அப்பா வேனில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் குடியிருப்புக்குப் போனார். மேலே ஏறவில்லை. கட்டடத்துக்கு எதிரே, தெருவின் மறுபக்கம், நடைபாதையில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து மாஸ்க்கை இறக்கினார். போனில் அவளைப் பால்கனிக்கு வரச்சொன்னார். வாயைப் பெரிதாகத் திறந்து ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். இதெல்லாம் அத்தை பிற்பாடு எனக்குச் சொன்னது.

"டேய், நடுத்தெருவுல என்னடா கூத்து?"

"நீ கீழே வந்தா நிறுத்திடறேன்."

"எதுக்கு வரணும்? ஆறிப்போன சோத்தை ஆளுக்கு ஒரு மூலையில உக்காந்து சாப்பிடறதுக்கா?"

"ஆமா. அதுக்குத்தான்."

"போடா வேலை இல்லாதவனே."

"வேலை இல்லன்னு ஊருக்கே தெரியும். அதை ஏன் மூணாவது மாடியிலிருந்து கத்தற?"

பல நாள் போனார். போகப்போக எதிர்க்கடைக்காரர் அவருக்கு நிழலுக்கு ஒரு குடை கொடுத்தார். கடைசியில் அத்தை ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். யாரும் தன்னைப் பார்த்து அழக் கூடாது. அன்று அப்பா எனக்குப் போன் செய்து, "வர்றா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் போகவில்லை. என் ஊரிலிருந்து போனால் இரண்டு வாரம் தனி அறையில் அடைப்பார்கள், அவ்வளவு விடுப்பு இல்லை. "உனக்கும் நாற்காலி உண்டு" என்றார் அப்பா. அப்படியே போட்டார். அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்து, அதில் போனைச் சாய்த்து, என்னை உட்காரவைத்தார்.

திரையில் முற்றம் தெரிந்தது. நான் ஆறு ஏழு நாற்காலிகளை எதிர்பார்த்திருந்தேன். முற்றம் முழுக்க நாற்காலி. வரிசை வரிசையாக, விழா மண்டபம் மாதிரி. அதற்குள் அங்கொருவர் இங்கொருவராக எங்கள் ஆட்கள்.

"என்னப்பா இது?"

"ரெண்டு வருஷமா விரிக்கல. கீல் இறுகிப் போச்சு. முற்றம் கொள்ற அளவுக்கு எடுத்து எண்ணெய் போட்டு விரிச்சு வச்சேன். இடைவெளிக்கு இடைவெளியும் ஆச்சு. நடுவுல நாற்காலி இருந்தா எவனும் நகர்ந்து வர முடியாது பாரு."

காலையிலிருந்து அவரும் சித்தப்பாவும் அவற்றை வெளியே கொண்டுவந்திருந்தார்கள். நூற்றுக்கு மேல் இருக்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அத்தை வந்தாள். மாஸ்க், தொப்பி, ஒரு கை நிறையச் சாப்பாட்டுப் பை. மெலிந்திருந்தாள். அப்பா அவளுக்கென்று போட்டிருந்த நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காருவதற்கு முன்பு அதைக் கவிழ்த்துப் பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அப்பா சத்தமாகச் சிரித்தார். அந்த வருடத்தில் நான் கேட்ட ஒரே பெரிய சிரிப்பு அது.

கூட்டம் என்று சொல்ல அதன்பிறகு ஒன்றும் இல்லை. ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. எல்லாரும் கத்தினார்கள், கத்திக் களைத்துப்போனார்கள். அத்தான் பார்சல் கிடங்கில் வேலை பார்ப்பவர், சும்மா இருக்க மாட்டார். "கடைசி வரிசைக்கு ஒரு மைக் குடுங்கப்பா" என்றார். அக்கா, "நீங்க பேசறது கேக்காம இருக்கறதுக்குத்தான் அங்க போட்டிருக்காங்க" என்றாள். பிறகு எல்லாரும் அவரவர் பொட்டலத்தைப் பிரித்துக் குனிந்து சாப்பிட்டார்கள். ஒருவருக்கொருவர் சொல்ல ஏதோ இருந்தது, சொல்ல வழி இல்லை. அத்தை தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடிக்கும்போது வானம் இருண்டது. முதல் தூறல் தகட்டு இருக்கைகளில் விழும் சத்தம் போனில் எனக்குக் கேட்டது. அப்பா எழுந்தார்.

"மடிங்க."

அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் யாரும் யோசிப்பதில்லை. சின்ன வயதிலிருந்து உடம்பில் ஏறியது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அத்தையும். வரிசை தானாக அமைந்துவிட்டது. அம்மா என்னை எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டாள். திரை இருண்டது. அதன்பிறகு எனக்குச் சத்தம் மட்டும்தான்.

இரும்பு இரும்போடு மோதும் சத்தம். சித்தப்பா எண்ணிக்கையைத் தப்புத்தப்பாகச் சொல்ல, அத்தான் திருத்தினார். மழை வலுத்தது. ஷட்டர் கரகரவென்று இறங்கியது. அதன்பிறகு எல்லாச் சத்தமும் மாறியது. சுற்றிச் சுவர் வந்ததுபோலக் குரல்கள் கனத்தன, எதிரொலித்தன. நான் பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அக்கா எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தையின் குரல் இப்போது பக்கத்தில் கேட்டது, பேசிக்கொண்டே இருந்தது, பிறகு உடைந்தது, அழுதாள். அப்பா ஏதோ சொன்னார், புரியவில்லை. அம்மாவின் குரல்: "கொஞ்சம் நில்லுங்க, மழை விடட்டும், இதுல எப்படிப் போவீங்க?" மழை விட வெகுநேரமானது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அங்கே இருப்பதுபோல இருந்தது.

முதலில் அத்தானுக்குத் தொண்டை வலி. பிறகு அக்காவுக்கு. பிறகு எல்லாருக்கும். அத்தைக்கும் வந்தது, லேசாக வந்து போனது. சித்தப்பா ஒருவருக்கு மட்டும் வரவில்லை. அவர் ஷட்டருக்கு வெளியே மழையில் நின்று, அடியில் இருந்த இடைவெளி வழியாக நாற்காலிகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். எல்லாம் உள்ளே போனதும், "உள்ளே வாடா, நனையறே பாரு" என்று அப்பா கூப்பிட்டிருக்கிறார். "நனைஞ்சாச்சு, இனிமே என்ன" என்று சொல்லிவிட்டு அவர் அப்படியே தன் வீட்டுக்குப் போய்விட்டார். இதெல்லாம் ஒவ்வொருவராக எனக்குச் சொல்லிச் சேர்ந்தது. ஷட்டரை இறக்கியது அப்பாதான். சாரல் அடித்து உள்ளே இருந்த நாற்காலிகள் நனைந்தன, அதனால்.

உட்காருவதற்கு மூன்று நாற்காலி இடைவெளி விட்டவர் அவர். கூடுவதைப் பற்றி எல்லாவற்றையும் யோசித்தார். ஆனால் எங்கள் வீட்டில் கூடுவது என்றால் உட்காருவது இல்லை. அது அவருக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அடுக்குவதை யாரும் யோசிக்கவில்லை. மூச்சு விடுவதை யார் யோசிப்பார்கள்?

அப்பாவை மட்டும் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்து ஒரு முறை என்னோடு பேசினார். முகத்தில் குழாய். பேச்சு துண்டு துண்டாக வந்தது.

"இங்க எல்லாம் பிளாஸ்டிக்" என்றார்.

"என்னப்பா?"

"நாற்காலி. மடிக்க முடியாது."

"ரெஸ்ட் எடுங்கப்பா."

"எங்க அக்கா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க. சரியாயிடுச்சு."

"அப்ப சரி."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

அவசர அனுமதி வாங்கி நான் வந்தேன். வீட்டில் எல்லாரும் நோயில் கிடந்தார்கள், தேறியிருந்த அத்தை உட்பட யாருக்கும் வெளியே வர அனுமதி இல்லை. அப்பாவை அடக்கம் செய்த இடத்தில் குடும்பம் என்று நின்றவர்கள் இருவர், அந்தக் கொட்டகைக்குள் போகாத இருவர். சித்தப்பாவும் நானும். சித்தப்பாவால் நிற்க முடியவில்லை. அங்கே வேலை செய்யும் ஒருவர் காவலறையிலிருந்து ஒரு இரும்பு நாற்காலியைத் தூக்கிவந்து சற்றுத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். சித்தப்பா உட்காரப் போனார், நின்றார். அதைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"நம்மது இல்ல" என்றார்.

இருவரும் நின்றுகொண்டே இருந்தோம். ஊரில் நடந்த சாவுகளுக்கெல்லாம் அப்பா நாற்காலி போட்டிருக்கிறார். நேரம் முடிந்துவிட்டது என்று அவர்கள் சொன்னதும் வந்துவிட்டோம்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. வழக்கமாக ஒரு குற்றத்துக்கு ஆள் தேடுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு குற்றத்துக்கு வரிசையில் ஆள் நின்றார்கள். அத்தான், கிடங்கிலிருந்து நான்தான் நோயைக் கொண்டுவந்தேன் என்றார். அவர் அக்காவோடு ஒரே மேசையில் சாப்பிடுவதை நிறுத்தினார். அம்மா, மழை விடட்டும் என்று நான்தானே நிறுத்தினேன் என்றாள். சித்தப்பா, அத்தனை நாற்காலியை வெளியே போட நான்தானே கைகொடுத்தேன் என்றார். மறுத்துப் பேசினால் கோபம் வந்தது, அந்தக் குற்றத்தைப் பிடுங்கிக்கொள்ளப் பார்ப்பதுபோல.

அத்தை எனக்குப் போன் செய்தாள்.

"நீதானே லிஃப்ட் ஏன் விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறவ. சொல்லு. நானா?"

"தெரியாது அத்தை. யாராலயும் சொல்ல முடியாது."

அவளுக்குக் கேட்கவில்லை. எழுதி அனுப்பினேன். பதில் வந்தது: 'தெரியாதுன்னா நான்தான்.' அதன்பிறகு பால்கனிக் கதவும் மூடியது. அப்பா அவளை வெளியே கொண்டுவர அந்த நடைபாதையில் உட்கார்ந்ததெல்லாம் தலைகீழாகிவிட்டது. மாமா இறந்தபோது அவள் வீட்டுக்குள் இருந்தாள். இப்போது அதற்கும் உள்ளே போய்விட்டாள்.

நான் ஊரை மாற்றிக்கொண்டு அம்மாவோடு வந்துவிட்டேன். நாற்காலிகளைக் கேட்டு மறுபடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சித்தப்பா முன்பக்கம் நின்று, "இப்ப குடுக்கறதில்ல" என்று அனுப்பினார். யாரும் ஷட்டரைத் தூக்கவில்லை.

விடுமுறை நெருங்கியது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நாள் அம்மா காய் நறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அவ இந்த வருஷம் தனியா இருந்தா, அவர் போனதுக்கு அர்த்தமே இல்ல" என்றாள்.

அதற்குள் எல்லாருக்கும் ஊசி போட்டாயிற்று. நான் அத்தை வீட்டுக்குப் போனேன். அப்பா மாதிரி நடைபாதையில் உட்கார எனக்கு வராது. மேலே போனேன். லிஃப்ட் ஓடவில்லை, படி ஏறினேன். அத்தை சங்கிலி மாட்டிய கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். ஒரு கண் தெரிந்தது.

"லிஃப்ட் ரிப்பேர்" என்றாள். "வந்ததுதான் வந்தே, பார்த்துட்டுப் போ."

"பார்த்துட்டேன். கதவு சரியா மூடல, அதான் கிளம்பல."

அவள் சங்கிலியைக் கழற்றவில்லை. நான் இரண்டடி பின்வாங்கி, படிக்கட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று மாஸ்க்கை இறக்கினேன். அவள் என் உதட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன் அத்தை. கொட்டகைக்குள்ள அப்பா மாஸ்க்கை இறக்கி உங்ககிட்ட ஏதோ சொன்னாராம். அக்கா பார்த்திருக்கா. என்ன சொன்னார்?"

அதைத்தான் யாராவது கேட்கவேண்டும் என்று காத்திருந்தாளா, கேட்கக் கூடாது என்று பயந்திருந்தாளா, எனக்குத் தெரியவில்லை.

"கையை எடுன்னான்" என்றாள்.

"என்னது?"

"நான் அழுதுக்கிட்டே ஒரு நாற்காலியை மடிச்சேன். விரலைக் கீல்ல வச்சிருந்தேன். அவன் கத்தினான், எனக்குக் கேக்கல. அதனால மாஸ்க்கை இறக்கிட்டு, 'அக்கா, கையை எடு, கடிக்கும்'னான். எடுத்துட்டேன்." கதவு இடுக்கில் தன் கையை நீட்டிக் காட்டினாள். ஐந்து விரலும் இருந்தன. "அப்புறம் நான் மாமாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சேன். அவன் கேட்டுக்கிட்டே இருந்தான். மறுபடி போட்டுக்க மறந்துட்டான். நான் சொல்லியிருக்கணும். பேசற அவசரத்துல நானும் மறந்துட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேற ஏதாவது சொல்லியிருந்தா உனக்குச் சொல்லியிருப்பேன். நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். கையை எடுன்னான், அவ்வளவுதான்."

ஆறுதல் மாதிரி எது சொன்னாலும் பொய்யாக இருந்திருக்கும். விடுமுறைக்கு முற்றத்தில் சாப்பிடுகிறோம், ஆறு நாற்காலிதான், வாங்க என்றேன்.

"யார் மடிக்கறது?" என்று கேட்டாள்.

நான் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு படி இறங்கினேன்.

வந்தாள். சித்தப்பா காலையில் தனியாகக் கொட்டகைக்குள் போய் ஆறு நாற்காலிகளை எடுத்துவந்தார். ஷட்டரை முழுக்கத் தூக்கியே வைத்திருந்தார். கீல்கள் கிறீச்சிட்டன. எண்ணெய் போட யாருக்கும் தோன்றவில்லை. ஆறையும் பழைய இடைவெளியில் போட்டார், அவசியமில்லை என்றாலும். நடுவில் முற்றம் வெறுமையாகக் கிடந்தது. அத்தானுக்குக்கூட நகைச்சுவை வரவில்லை. அக்கா எல்லாருக்கும் தட்டில் போட்டுக் கொடுத்தாள். அத்தை உட்காருவதற்கு முன்பு நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

சாப்பிட்டோம். பேச வேண்டியதைப் பேசுகிற இடம் எங்களுக்கு எது என்று எல்லாருக்கும் தெரியும். அதன் வாய் எங்கள் எதிரே திறந்திருந்தது.

தூறல் வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. சித்தப்பா எழுந்து தன் நாற்காலியைப் பாதி மடித்துவிட்டார். பிறகு நின்றார். அம்மா அவரைப் பார்த்தாள். அத்தான் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். மடிங்க என்று சொல்லும் ஆள் இல்லை. ஆனால் அத்தனை பேர் கால்களிலும் அந்தச் சொல் இருந்தது. யார் ஒருவர் அசைந்திருந்தாலும் வரிசை கட்டியிருப்போம்.

"நனையட்டும்" என்றாள் அத்தை.

சித்தப்பா நாற்காலியைத் திரும்ப விரித்து வைத்தார். எல்லாரும் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போனோம். அத்தை இரவு தங்கவில்லை. மழை குறைந்ததும் சித்தப்பா அவளை வேனில் கொண்டுபோய் விட்டார். வண்டியில் ஏறும்போது அம்மாவிடம், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

அவர்கள் போனபிறகு மழை மறுபடி பிடித்தது. அம்மாவும் நானும் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தோம். ஆறு நாற்காலியும் வெளியே விரித்தபடி இருந்தன. தகட்டு இருக்கைகளில் தண்ணீர் தேங்கி வழிந்தது. துரு ஏறும் என்று எனக்குத் தெரியும். எத்தனை நாளில், கீலின் எந்த இடத்தில் முதலில் ஏறும் என்றும் தெரியும். அம்மா போய் எடுத்துவரச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மழை தகட்டில் விழும் சத்தம் மட்டும் கேட்டது, திறந்த வெளியில் கேட்கும் சத்தம். எதிரொலி இல்லை.